வாயிற்படியில் நின்றுவிட்ட பிள்ளைகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்குக் கால் வைக்க இடமிராது. சங்கராபுரம், தியாகதுருகம், சின்னசேலம், கச்சிராயபாளையம் என நாற்றிசையிலிருந்தும் வரும் பேருந்துகள் சீருடை அணிந்த சிறாரை இறக்கிய வண்ணம் இருக்கும். கரும்பு வெட்டியும் மரவள்ளி பிடுங்கியும் பிழைக்கும் பெற்றோர் தம் மக்களின் கல்விக்கென்று படும் பாட்டை எண்ணுகையில் நம் உள்ளம் நெகிழ்கிறது. ஆனால் அதே வேளையில், அதே ஊர்களில், சில இல்லங்களில் வேறொரு காட்சி நடைபெறுகிறது. சீருடை போட்டாயிற்று, தலை வாரியாயிற்று, பையும் தோளில் ஏறியாயிற்று. வாயிற்படி வந்ததும் பிள்ளை அப்படியே அமர்ந்துவிடுகிறான். இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறான். அன்னை கெஞ்சுகிறாள், பாட்டி கடிந்துகொள்கிறார், தந்தை கை ஓங்குகிறார். பேருந்து போய்விடுகிறது. "சோம்பேறி", "செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை" என்று அண்டை வீட்டார் தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர்.

பள்ளிக்குப் போகாமைக்கு வறுமை, ஆசிரியரின் பிரம்பு, உடன் பயில்வோரின் ஏளனம் எனக் காரணங்கள் பல உண்டு. அவ்வாறு நின்றுவிட்டவர்களுள் ஒரு சாராரைப் பற்றி மட்டுமே இங்கு எழுத விழைகிறோம். அவர்கள் ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்தவர்கள்.

இதற்குத் தமிழில் வழங்கும் பெயர்களே நமக்குச் சிறிது இடறலாக உள்ளன. அரசு ஆவணங்கள் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்கின்றன; செய்தித்தாள்கள் 'மதியிறுக்கம்' என்று எழுதுகின்றன. புற உலகம் இப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை; அளவுக்கு மிஞ்சித் தெரிகிறது, அதுவே அவர்களுடைய துன்பம். மதியும் இறுகிவிடவில்லை. ஆகவே மக்கள் நாவில் வழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே நாமும் ஆளுகிறோம்.

1943-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். அவருக்கும் முன்னரே, 1925-இல், உருசிய மருத்துவப் பெண்மணி குருனியா சுகரேவா ஆறு சிறுவர்களிடம் ஏறக்குறைய இதனையே கண்டு எழுதியிருந்தார். உலகம் அவரை நெடுங்காலம் மறந்திருந்தது. பின்னர் ஒரு கொடுமை நிகழ்ந்தது. தாய்மாரின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று கற்றறிந்தோர் சிலர் கூறலாயினர். 1967-இல் வெளிவந்த புருனோ பெட்டல்ஹைமின் நூல் அக்கருத்தை ஊரெங்கும் பரப்பிற்று. தாமே ஓர் ஆட்டிசச் சிறுவனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு 1964-லேயே அதனை மறுத்து எழுதியிருந்தும், குற்றவாளிக் கூண்டில் நின்ற அன்னையர் பலர். இது மூளையின் வளர்ச்சியில் பிறப்பிலேயே அமையும் வேறுபாடு, இதில் மரபணுக்களின் பங்கு பெரிது என்பதே இன்றைய மருத்துவம் கூறுவது. தடுப்பூசியால் வருவது என்று 1998-இல் எழுந்த கூற்றும் பொய்யாயிற்று. அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். அப்படியாயின் பெரியதொரு பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் குடும்பங்களிடையே இத்தகைய பிள்ளைகள் சிலராவது இருக்க வேண்டும் அன்றோ? அவர்களை ஏன் நாம் கோவிலில் காண்பதில்லை?

இதனைச் சொல்லாமல் விடுவது முறையாகாது: நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அன்னையின் மேல் பழி சுமத்தும் வழக்கம் ஒழியவில்லை. பிள்ளையைச் செபக்கூட்டம் செபக்கூட்டமாக இழுத்துச் சென்று, பேய் பிடித்திருக்கிறது என்று ஒலிபெருக்கியின் முன் நிறுத்துவோரும் உளர். செபம் நமக்கு ஆறுதலும் வலிமையும் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் சிறு ஓசைக்கே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த ஒலிபெருக்கி ஒரு வதை.

பள்ளி ஏன் பாரமாகிறது?

ஐந்தாம் வகுப்பு வரை ஒருவாறு தாக்குப்பிடித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ தடுமாறி நின்றுவிடுவது உண்டு. தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியை, ஒரே அறை, வீட்டுக்கு அருகிலேயே பள்ளி. உயர்நிலைப் பள்ளியிலோ பாடத்துக்கு ஓர் ஆசிரியர், பாடவேளை தோறும் மணியோசை, நெரிசலான வகுப்பு, பேருந்துப் பயணம். காலைக் கூட்டத்தில் அலறும் ஒலிபெருக்கி, சத்துணவு வரிசையில் தட்டுகளின் ஓசை, கழிப்பறையின் நாற்றம், கழுத்தை உறுத்தும் புதுச்சட்டை ஆகியன நமக்குப் பழகிப்போனவை. புலன்கள் கூர்மையாக அமைந்த பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் ஊசி முனை. இவற்றுக்கிடையே வளரிளம் பருவமும் வந்து சேருகிறது. தோழர்களின் கிண்டலில் எது விளையாட்டு, எது பகை என்று அவனால் பிரித்தறிய முடிவதில்லை.

நாள் முழுவதும் பிறரைப் போல நடந்துகொள்ளப் பாடுபட்டு, வீடு திரும்பியதும் உடைந்து அழும் பிள்ளைகள் உண்டு. "பள்ளியில் சாதுவாகத்தானே இருக்கிறான்?" என்பார் ஆசிரியர். "வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் உடைக்கிறான் சார்" என்பாள் அன்னை. இருவர் சொல்வதும் மெய்யே. இப்படித் திங்கள் கணக்கில் தாங்கித் தாங்கி, ஒரு நாள் காலையில் அவனுடைய கால்கள் எழ மறுக்கின்றன. அது பிடிவாதம் அன்று, களைப்பு. பெண்பிள்ளைகளிடம் இது இன்னும் மறைந்தே கிடக்கிறது. கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுகிறோம்; வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை.

செல்வ நாடுகளிலும் இத்துன்பம் உண்டு. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு ஓய்வும் வேண்டும், பள்ளிக்கு வெளியே கற்க வழியும் வேண்டும் என்பதை ஏற்று ஜப்பான் 2016-இல் ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளி பொருந்தாது எனக் கண்டால் வேறிடத்தில் கற்பிக்க உள்ளாட்சி ஏற்பாடு செய்யலாம் என்கிறது.

ஒரு பிள்ளை, ஓர் ஆசிரியர்

டியூஷன் என்றதும் நம் நினைவுக்கு வருவது, மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் இருபது பிள்ளைகளை அமர்த்தி, பள்ளியில் நடத்தியதையே மறுபடியும் உரக்க நடத்துவதுதான். நாம் கூறும் தனிப்பயிற்சி அதுவன்று. இங்கே ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். பாடநூலுக்குப் பிள்ளையை வளைக்காமல், பிள்ளைக்குத் தக்கபடி பாடத்தை வளைக்கும் முறை இது.

முதல் சில நாட்கள், வேண்டுமானால் சில வாரங்கள், பாடமே கிடையாது. ஆசிரியர் குறித்த நேரத்தில் வருகிறார். அதே திண்ணையில், அதே பாயில் அமர்கிறார். பிள்ளை செய்வதைத் தாமும் அருகிருந்து செய்கிறார். சொன்ன நேரத்தில் எழுந்து போகிறார். நாளை என்ன நடக்கும் என்பது இன்றே தெரிந்திருந்தால்தான் இப்பிள்ளைகளுக்கு அச்சம் தணியும். ஆகவே ஓர் அட்டையில் அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசையாய் ஒட்டி வைப்பர்: கதை, கணக்கு, ஊஞ்சல், தண்ணீர், எழுத்து. முடிந்ததைப் பிள்ளையே கழற்றி வைப்பான். 1972-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் முழுவதற்குமாக எரிக் ஷாப்ளர் தலைமையில் தொடங்கப்பெற்ற திட்டம் இத்தகைய படவரிசை முறையை வளர்த்தது. பெற்றோரைக் குற்றம் சாட்டிய காலத்தில், பெற்றோரே உடன் ஆசிரியர் என்று கொண்டவர் ஷாப்ளர்.

பாடம் பத்து நிமிடம், பிறகு ஓய்வு. எதனைக் கொண்டு தொடங்குவது? பிள்ளை எதன்மேல் உயிராய் இருக்கிறானோ அதனைக் கொண்டே. பேருந்துகளின் மேல் பித்துக்கொண்ட ஒரு சிறுவனை எண்ணிப் பார்ப்போம். இப்பிள்ளைகளிடையே அது அரிதன்று. சேலம், விழுப்புரம், திருவண்ணாமலை என்னும் பெயர்ப் பலகைகளே அவனுக்கு அரிச்சுவடி. 9.10-க்குப் புறப்பட்டு 10.45-க்குச் சேரும் வண்டி எத்தனை நிமிடம் ஓடிற்று என்பதே கழித்தல் கணக்கு. பயணச்சீட்டு வாங்கிச் சில்லறை எண்ணுவது பண ஞானம். நிலப்படத்தில் வழியைத் தேடுவது புவியியல். அவன் எட்டாம் வகுப்பு வயதினனாக இருந்து கணக்கில் மூன்றாம் வகுப்பிலும் வாசிப்பில் பத்தாம் வகுப்பிலும் நிற்கக்கூடும். வகுப்பறைக்கு இந்த மேடு பள்ளம் ஒரு தொல்லை. தனி ஆசிரியருக்கோ அது பொருட்டன்று.

பேச்சு வராத பிள்ளைக்குப் படங்களே நாவாகும். வேண்டிய பொருளின் படத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கேட்கும் முறை 1985 முதல் உலகெங்கும் பரவியுள்ளது. படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும் 'ஆவாஸ்' என்னும் செயலியை உருவாக்கியது நம் சென்னையைச் சேர்ந்த அஜித் நாராயணனின் நிறுவனம். தமிழிலும் அது பேசும். பேசாதவன் அறியாதவன் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். அவர் செய்த முதற்செயல் யாது? அம்மனிதரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றதே. பிறகு காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பெருமூச்சு விடுகிறார். சொல் அதற்குப் பின்னர்தான் வருகிறது. ஆட்டிசம் காது கேளாமை அன்று. இப்பகுதியைக் காட்டிக் குணமாக்கும் வாக்குறுதி எதனையும் நாம் தரவில்லை. அவர் கையாண்ட முறையைக் கவனிக்கச் சொல்கிறோம்: தனிமை, தொடுகை, சைகை, இறுதியில் சொல்.

இம்முறையால் ஒருவர் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின் ஒரு சான்று. 1947-இல் பிறந்த அவர் ஏறத்தாழ நான்கு வயது வரை பேசவில்லை. தாயும், வீட்டில் அமர்த்தப்பட்ட செவிலியும் மாறி மாறி விளையாடும் ஆட்டங்கள் வழியாகவே அவரைப் பிறரோடு பழக்கினர். ஏளனம் செய்த மாணவியின் மேல் நூலை வீசியெறிந்ததால் பதினான்காம் வயதில் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்து அவர் சேர்ந்த உறைவிடப் பள்ளியில் கார்லாக் என்னும் அறிவியல் ஆசிரியர், அவருடைய விசித்திரமான ஈடுபாடுகளைத் தடுக்காமல், அவற்றையே ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டார். அந்த மாணவி கால்நடைகளை அச்சுறுத்தாமல் கையாளும் தொழுவங்களை வடிவமைத்து, 1989-இல் முனைவர் பட்டமும் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பேராசிரியர் ஆவர் என்று சொல்ல வரவில்லை. பலருக்குத் தாமே உடுத்தி, உண்டு, கடைக்குப் போய்வருவதே பெரும் வெற்றி. அந்த வெற்றிக்கும் ஒரு கார்லாக் வேண்டும்.

மலைமேல் என்ன நிலை?

2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. சமவெளியில் உள்ளோருக்கு இதனால் அலுவலகங்கள் அருகில் வந்தன. 2022 சனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை விட்டு மேலேறும் மலைப்பாதையின் மறுமுனையில் வாழ்வோரின் கதை வேறு.

கல்வராயன் மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தவர் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. 1976-இல் அரசு ஏற்கும் வரை அம்மலை ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது; கல்வியும் சாலையும் அங்குத் தாமதித்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு எனச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களின் பிள்ளைகளுக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளே கல்விக்கு வாயில். அவற்றால் ஒரு தலைமுறையே எழுத்தறிவு பெற்றது, மறுப்பதற்கில்லை. ஆட்டிசப் பிள்ளைக்கோ அந்த வாயில் மிகக் குறுகியது. ஒரே கூடத்தில் பலருடன் படுக்கை, பழகாத உணவு, இரவிலும் ஓயாத ஓசை, அருகில் அன்னை இல்லை. விடுதியை விட்டு ஓடிவரும் பிள்ளையை 'மக்கு' என்றோ 'காட்டுப் பிள்ளை' என்றோ சொல்லிப் பெயர் நீக்கிவிட்டால் கதை முடிந்தது. பெற்றோர் கூலி தேடிக் கேரளத்துக்கும் கருநாடகத்துத் தோட்டங்களுக்கும் போய்விட, பிள்ளை பாட்டியின் பொறுப்பில் ஆடு மேய்ப்பான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்துப் பெற்றோர் பணம் கொடுத்துத் தேடும் அமைதி அம்மலையில் கொட்டிக் கிடக்கிறது. ஒலிபெருக்கி குறைவு, நெரிசல் இல்லை, ஓடவும் ஏறவும் நீரில் அளையவும் இடமுண்டு, ஆடுமாடுகள் அவனைக் கேலி செய்வதில்லை. கடுக்காயை எண்ணிக் கணக்குச் சொல்லலாம். சாமையைப் படியால் அளந்து அளவைகளைக் கற்பிக்கலாம். குறையாயிருப்பது ஆசிரியர் ஒருவரே. அந்த ஆசிரியரை மலைக்கு அனுப்பாமல், பிள்ளையை மட்டும் விடுதிக்கு இறக்க முயல்வது எங்ஙனம் நியாயமாகும்?

சட்டம் சொல்வதும் நடப்பதும்

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. கடுமையான அல்லது பன்முகக் குறைபாடுடைய பிள்ளை விரும்பினால் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012-இல் செய்த திருத்தம் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்து, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவருக்கு இலவசக் கல்வியைப் 18 வயது வரை நீட்டியது. இங்கே ஒன்றை அழுத்தந்திருத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கற்பது பிள்ளையின் தெரிவு. பிள்ளையை வெளியே தள்ளுவதற்குப் பள்ளிக்குத் தரப்பட்ட அனுமதி அன்று. "உங்கள் பையனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்" என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால், அவர் சட்டத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் இல்லங்களுக்குச் சென்று கற்பிப்பதும் அவர்களுடைய பணி. தொகுப்பூதியத்தில், சொந்த வண்டியில், ஊர் ஊராகச் சுற்றும் இவர்களுடைய தொண்டு பெரிது; ஆள் போதாது என்பதே குறை. தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவரும் மேல்வகுப்புகளில் பதினைவருக்கு ஒருவரும் சிறப்பாசிரியராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது. அது நிறைவேறும் நாள் வரை, எப்போதோ ஒரு முறை வந்து போகும் ஆசிரியரை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் பதினைந்தாம் வயது காத்திராது.

இங்குதான் நம் பங்குகளுக்கு வேலை இருக்கிறது. தனியே எவரும் சிறப்புப் பள்ளி கட்ட வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலும் எறையூரிலும் மற்றப் பங்குகளிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உள்ளனர். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள் உள்ளனர். தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஊர்ப் பெண்களே தன்னார்வலராய் நின்று கற்பித்ததை நாம் அறிவோம். வட்டாரச் சிறப்பாசிரியர் வழிகாட்ட, வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என ஒரு பிள்ளையை ஒருவர் ஏற்பது கூடாத காரியமா? பயிற்சியும் ஆலோசனையும் வேண்டுவோர், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முக ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். புது தில்லியில் மேரி பரூவா என்னும் தாயார் தம் மகனுக்காகத் தேடி அலைந்ததன் பயனாக 1991-இல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு பெற்றோருக்கே பயிற்சி அளிக்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஆசிரியர் தனியறையில் கதவடைத்துக் கற்பிக்கலாகாது. வீட்டார் பார்வையில், திண்ணையில் நடக்கட்டும். அது பிள்ளைக்கும் காவல், ஆசிரியருக்கும் காவல்.

மறைக்கல்விக்கும் இதுவே வழி. இத்தகையோருக்கு அருளடையாளங்களை மறுத்தல் ஆகாது என்று திருச்சபையின் 2020-ஆம் ஆண்டு மறைக்கல்வி வழிகாட்டி நூல் தெளிவுபடுத்தியுள்ளது. 2014 நவம்பரில் ஆட்டிசம் பற்றிய மாநாட்டினரை உரோமையில் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், இக்குடும்பங்களின் தனிமையை உடைக்க அனைவரும் முன்வருமாறு வேண்டினார். புதுநன்மை வகுப்பில் நாற்பது பேரோடு அமர முடியாத பிள்ளைக்கு, படங்களைக் கொண்டு தனியே கற்பிக்க ஓர் அருட்சகோதரி முன்வந்தால் போதும்; திருப்பலியில் ஒலிபெருக்கிக்குத் தொலைவாக, வாயிலருகே ஓர் இருக்கையை அக்குடும்பத்துக்கென ஒதுக்கினால் போதும்.

திண்ணையில் தொடங்கியது திண்ணையிலேயே தேங்கிவிடவும் கூடாது. அச்சம் தணிந்த பின், மாலையில் ஆளில்லாத பள்ளியைச் சுற்றி வரலாம். பிறகு நூலகத்தில் அரை மணி. பிறகு பிடித்த ஆசிரியரின் ஒரே பாடவேளை. உடன் அமர ஒரே தோழன். சிலர் ஓராண்டில் முழுநாளும் பள்ளிக்குத் திரும்புவர், சிலர் திரும்பார். திரும்பாதோருக்கும் தேர்வுக்கு வழி அடைபடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியே படித்துப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். மாநிலப் பொதுத்தேர்வு எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று இன்றி இவற்றில் ஒன்றும் கிட்டாது. ஆட்டிசத்தை அளவிட நம் நாட்டில் 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று பயன்படுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழிகாட்ட, அரசு மருத்துவக் குழு சான்று வழங்கும். மலையிலிருந்து அதற்காக இறங்கி வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும், படிவமும் புரியாது. பங்கு இளைஞர் ஒருவர் அன்று கச்சிராயபாளையத்தில் பேருந்தடியில் காத்திருந்து, உடன் சென்று, மாலை வண்டியில் அவர்களை ஏற்றிவிடலாம். தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்குப் பல திங்கள் முன்னரே போய்ச்சேர வேண்டும் என்பதால், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.